தூண் ஆக்கிரமிப்பு இல்லையாம், குடிசைதான் ஆக்கிரமிப்பாம்

(மாணவர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



பெரிய ரயில் திட்டங்கள் சமத்துவத்துக்கு என்ன செய்கின்றன, யாரை ஏற்றிக்கொள்கின்றன, யாரை இறக்கிவிடுகின்றன என்று பேசச் சொன்னார்கள். நான் என்ஜினியர் இல்லை. கவிதை எழுதுறவன். வயிற்றுப்பாட்டுக்கு ஒரு வங்கியில குமாஸ்தா. இவனைப் பேசச் சொன்னா ஜன்னலோரம், மழை, தூரத்துக் கூவல் என்று போயிடுவானோன்னு ஏற்பாடு செஞ்ச தோழர் பயந்திருக்கலாம். பயம் வேண்டாம். இன்னைக்குக் குமாஸ்தாவாத்தான் பேசப்போறேன். ஒரு திட்டத்தின் வரவு யார் கணக்கில் ஏறுது, செலவு யார் கணக்கில் விழுது. இந்த ஒரு கேள்விதான்.

1853 ஏப்ரலில் பம்பாயிலிருந்து தானாவுக்கு முதல் பயணிகள் ரயில் ஓடியது. அதே ஆண்டு ஆகஸ்டில் நியூயார்க் பத்திரிகை ஒன்றில் கார்ல் மார்க்ஸ் எழுதினார்: ரயில்வே கொண்டுவரும் நவீனத் தொழில், பரம்பரை வேலைப் பிரிவினையைக் கரைத்துவிடும், அதன்மேல் நிற்கும் சாதியும் கரையும் என்ற பொருளில். நம்ம இடதுசாரித் தோழர்கள் இதை ரொம்ப நாள் நம்பினாங்க. மார்க்ஸ் மேல எனக்குக் கோபம் இல்லை. அவர் லண்டனில் உட்கார்ந்து எழுதினார். இங்கேயே உட்கார்ந்து, கண்ணெதிரே பார்த்தும் எழுதாதவங்க மேலதான் கோபம்.

ஏன்னா 1901-இல் ஒரு சின்னப் பையன் இதுக்குப் பதில் கண்டுபிடிச்சுட்டான். அவன் பேரு பீமராவ். கோரேகானில் பஞ்ச நிவாரண வேலையில் காசாளராக இருந்த அப்பாவைப் பார்க்க, அண்ணனோடும் அக்கா பிள்ளையோடும் சதாராவிலிருந்து ரயிலேறுகிறான். நல்ல சட்டை, நல்ல தொப்பி. ரயிலுக்குள்ள யாரும் ஒண்ணும் கேட்கலை. டிக்கெட் இருக்கு, ஏறியாச்சு. மசூர் நிலையத்தில் இறங்குகிறார்கள். கூட்டிப்போக யாரும் வரலை. ஸ்டேஷன் மாஸ்டர் வந்து யாரு என்னன்னு விசாரிக்கிறார். மகர் என்று சொன்னதும் அந்த மனிதர் முகம் மாறிப் பின்வாங்குகிறார். வண்டிக்காரங்க யாரும் ஏத்திக்க மாட்டேங்குறாங்க. கடைசியில் இரட்டைக் கூலிக்கு ஒருத்தர் சம்மதிக்கிறார், ஒரு நிபந்தனையோடு: பிள்ளைகளே வண்டியை ஓட்டணும், அவர் பக்கத்தில் நடந்து வருவார். 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற சின்ன நூலில் அம்பேத்கர் இதை எழுதியிருக்கிறார். மாணவர்கள் கட்டாயம் படிக்கணும்.

டிக்கெட்டுக்கு முன்னாடி எல்லாரும் சமம், பிளாட்பாரத்தில் இல்லை என்பதைத்தான் மசூர் சொல்லுது. ரயிலை மட்டும் பார்த்து அது சமத்துவமானதா என்று அளக்க முடியாது. ஸ்டேஷன் எங்கே, யார் நிலத்தில, வெளியே வண்டி யாருக்கு நிற்கும் என்று பார்க்கணும்.

இது பழைய கதை என்பார்கள். 2024 பிப்ரவரி, பெங்களூர் மெட்ரோ. ராஜாஜிநகர் நிலையத்தில், தலையில் மூட்டையோடு வந்த ஒரு விவசாயியை உள்ளே விடலை. கையில் டிக்கெட் இருந்தது. காரணம், துணி அழுக்காம். கூட இருந்த பயணிகள் சண்டை போட்டாங்க, படம் எடுத்தாங்க, அது ஊரெல்லாம் பரவின பிறகு பாதுகாப்பு மேற்பார்வையாளரை வேலையிலிருந்து நீக்கினார்கள். அந்த மனிதர் என்ன சாதி என்று யாரும் கேட்கலை. கேட்கத் தேவையும் இல்லை. மசூரில் வாயால் கேட்டதை இங்கே கண்ணால் கேட்டாங்க.

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். சென்னைப் பறக்கும் ரயில். 1995 நவம்பரில் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை. 1997-இல் மயிலாப்பூர் வரை. 2007 நவம்பரில் வேளச்சேரி வரை. இந்தத் தடம் ஏன் இப்படிப் போகுதுன்னு எப்போதாவது யோசிச்சிருக்கீங்களா? சேப்பாக்கத்துக்குத் தெற்கே பெரும்பகுதி பக்கிங்காம் கால்வாயின் மேலேயும் ஓரத்திலேயும்தான் போகுது. கால்வாயின் தண்ணிக்குள்ளேயே தூண் இறக்கினாங்க. காரணம் எளிமை. அது அரசுப் புறம்போக்கு. பட்டாக்காரங்க கிட்டே நிலம் வாங்க வேண்டாம், இழப்பீடு வேண்டாம், வழக்கு வேண்டாம். மலிவான தடம்.

ஆனா அந்தக் கால்வாய் யாருதுன்னு கேட்டா கணக்கு மாறுது. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் நகர நடுப்பகுதி, 1877-78 தாதுவருஷப் பஞ்சத்தின்போது பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. அரைவயிற்றுக் கூலிக்கு மண் வெட்டினாங்க. பஞ்சத்தில் மண்வெட்டப் போனவங்க யாருன்னு இந்தக் கூட்டத்துக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நிலம் இல்லாதவங்க, நெல்லுக்குதிர் இல்லாதவங்க. அவங்க வெட்டின வாய்க்காலுக்கு அன்றைய கவர்னர் பக்கிங்காம் பிரபுவின் பேரு வைத்தாச்சு. பின்னாடி அதே மாதிரி ஜனங்க கிராமத்தை விட்டு வந்து அதன் கரையில் குடிசை போட்டாங்க. அப்போ அரசாங்கம் ஒரு சொல் கண்டுபிடிச்சது: 'ஆட்சேபணைக்குரிய புறம்போக்கு'. குடியிருந்தா ஆட்சேபணை. ரயில்வே தூண் நட்டா ஆட்சேபணை இல்லை.

2022 மே மாதம் இதே கால்வாய்க் கரையில், ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில், நீதிமன்ற உத்தரவின் பேரில் வீடுகளை இடித்தார்கள். ஒரு பெரியவர் தன் உடம்பில் தீ வைத்துக்கொண்டு செத்துப்போனார். அது ரயிலுக்காக இடிச்சது இல்லை, தெளிவாச் சொல்லிடறேன். கால்வாய் ஆக்கிரமிப்பு என்ற வழக்கு. நான் கேட்கிறது வேற. தண்ணி ஓடுற பாதைக்கு நடுவில நிற்கிற கான்கிரீட் தூண் எந்த வழக்கிலும் ஆக்கிரமிப்பு ஆகலை. ஓரமா நிற்கிற வீடு ஆக்கிரமிப்பு ஆயிடுச்சு. வெள்ளம் வந்தா பழி யார் மேல விழுதுன்னு நீங்களே பார்க்குறீங்க.

இன்னொரு கணக்கு. வேளச்சேரியிலிருந்து பரங்கிமலைக்கு 5 கிலோமீட்டர் நீட்டிப்பு வேலை 2008-இல் தொடங்கியது. கடைசி 500 மீட்டரில் நில உரிமையாளர்கள் இழப்பீடு போதாதுன்னு நீதிமன்றம் போனாங்க. பத்தாண்டுக்கு மேல வேலை நின்றது. தூண்கள் அந்தரத்தில நின்னதை அந்தப் பக்கம் போனவங்க எல்லாரும் பார்த்திருக்கோம். அவங்க மேல எனக்குக் குறை இல்லை. நிலம் போகுதுன்னா கேள்வி கேட்கிறது உரிமை. அந்த 500 மீட்டருக்குப் பத்து வருஷம் காத்திருக்கத் தெரிஞ்ச அரசுக்கு, கால்வாய்க் கரையிலும் கூவம் கரையிலும் பத்து நாள் காத்திருக்க ஏன் தெரியலை? நடுவில் இருக்கிறது ஒரு காகிதம். பட்டா. நிலம் வைத்திருக்கத் தடுக்கப்பட்ட சாதிகளிடம், காகிதம் எங்கேன்னு கேட்கிறது நடுநிலை இல்லை தோழர்களே. பழைய தடையைப் புது மையில எழுதறது.

காகிதத்தைப் பத்தி எனக்குக் கொஞ்சம் தெரியும், தினமும் அதைத்தான் புரட்டுறேன். எங்க கிளைக்கு ஒரு அக்கா வருவாங்க. மயிலாப்பூரில் நாலு வீட்டில் வேலை. கால்வாய்க் கரையில் பிறந்து வளர்ந்தவங்க. கண்ணகி நகருக்கு அனுப்பப்பட்டதும் முகவரி மாத்த வந்தாங்க. பிறகு மகள் படிப்புக்குக் கடன் கேட்டு வந்தாங்க. வீட்டுப் பத்திரம் இருக்கான்னு மேலதிகாரி கேட்டார். ஒதுக்கீட்டு ஆணையை எடுத்து வைத்தாங்க. அவர் அதைத் திருப்பிக்கூடப் பார்க்கலை. 'அந்த ஏரியாவா' என்று மட்டும் சொன்னார். அந்த மூணாவது சொல்லை அக்கா சொல்லவே விடலை. எழுந்துட்டாங்க. எதிரே உட்கார்ந்திருந்த எனக்குப் பேனா ஓடலை. நானும் ஒண்ணும் சொல்லலை. அதைச் சொல்லத்தான் இந்தக் கதையைச் சொன்னேன்.

கண்ணகி நகர் 2000 வாக்கில் தொடங்கியது. நீர்வழிக் கரைகளிலிருந்தும், சாலை, மேம்பாலம், ரயில் என்று நகரத் திட்டங்களுக்காகவும் அப்புறப்படுத்தப்பட்டவங்க அங்கே குவிக்கப்பட்டாங்க. பதினைந்தாயிரத்துக்கும் மேல வீடுகள். அப்புறம் செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். கிராமத்தில் ஊர் வேற, சேரி வேற. நகரம் வந்தா இது போகும்னு நம்பி வந்தோம். நகரமும் தனக்கு வெளியே ஒரு சேரி கட்டியது, இந்த முறை பல மாடியில. தமிழில 'சேரி' என்ற சொல் இரண்டுக்கும் பொருந்துறது தற்செயல் இல்லை. ஆனா அரசாங்கம் 'குடிசைப் பகுதி' என்று எழுதும். இப்போ 'வாழ்விடம்' என்று எழுதுது. 2021-இல் குடிசை மாற்று வாரியத்தின் பேரையே மாத்தினாங்க. பேரு மாறும்போதெல்லாம் சாதி ஒரு அடி உள்ளே போய் ஒளிஞ்சுக்குது.

வெளிநாட்டில இதை எப்படிச் செய்றாங்க? பிரிட்டனில் 2010 சமத்துவச் சட்டத்தின் 149-ஆவது பிரிவு, பொது அமைப்புகள் எதைச் செய்தாலும் சமத்துவத்துக்கு உரிய கவனம் கொடுக்கணும் என்கிறது. ஆகவே லண்டனிலிருந்து பர்மிங்ஹாமுக்குப் போடுகிற 'ஹெச்.எஸ்.2' அதிவேக ரயிலுக்குச் சமத்துவத் தாக்க மதிப்பீடு எழுதினாங்க. வயசு, உடல் ஊனம், பால், இனம், மதம் என்று ஒன்பது அடையாளங்கள். யூஸ்டன் நிலையத்துப் பக்கம் தெற்காசியக் கடைகள் நிறைந்த டிரம்மண்ட் தெரு இருக்கு, ரீஜெண்ட்ஸ் பார்க் என்ற கவுன்சில் குடியிருப்பு இருக்கு. அங்கே சில அடுக்குமாடிகளை இடிச்சாங்க. மாற்று வீடுகளை அதே குடியிருப்புக்குள்ளேயே கட்டினாங்க. கவனிங்க, 20 கிலோமீட்டருக்கு அப்பால் இல்லை.

அதனால அங்கே எல்லாம் சொர்க்கம்னு நான் சொல்லலை. 'உரிய கவனம்' என்பது பாதிப்பைப் பார்க்கச் சொல்லுமே தவிர, நிறுத்தச் சொல்லாது. வருஷக்கணக்கில தூசியும் இரைச்சலும் அந்தத் தெருக்காரங்கதான் வாங்கினாங்க. 2023 அக்டோபரில் வடக்குப் பகுதித் தடத்தை அரசாங்கமே கைவிட்டது. இன்னொண்ணும் இருக்கு. அந்த ஒன்பதில் சாதி இல்லை. சாதியைச் சேர்க்கணும்னு 2013-இல் பிரிட்டிஷ் பாராளுமன்றமே சட்டம் செய்தது. அங்கே வாழ்கிற தலித் மக்கள் அதுக்காகப் போராடினாங்க. சாதி இந்து அமைப்புகள் எதிர்த்தன. 2018 ஜூலையில் சேர்க்க மாட்டோம்னு அரசு சொல்லிடுச்சு. நீதிமன்றத் தீர்ப்புகளே போதுமாம். கடல் கடந்தாலும் சாதிக்குப் படிவத்தில் கட்டம் கிடையாது, தெருவில் மட்டும் இடம் உண்டு.

சரி, இங்கே? 2013 நிலம் கையகப்படுத்தல் சட்டம், நிலம் எடுக்கும் முன் சமூகத் தாக்க மதிப்பீடு செய்யணும் என்கிறது. மக்கள் முன்னால் விசாரணை வைக்கணும் என்கிறது. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கென்று 41-ஆவது பிரிவே இருக்கு. படிக்கும்போது சந்தோஷமா இருக்கும். அப்படியே 105-ஆவது பிரிவுக்கும் நான்காம் அட்டவணைக்கும் வாங்க. இந்தச் சட்டம் பொருந்தாதுன்னு 13 சட்டங்களைப் பட்டியல் போட்டிருக்காங்க. அதில் 1989 ரயில்வே சட்டமும் இருக்கு, 1978 மெட்ரோ ரயில் கட்டுமானச் சட்டமும் இருக்கு. 2015-இல் ஒரு ஆணை போட்டு இழப்பீட்டையும் மறுவாழ்வையும் இவற்றுக்கும் நீட்டினாங்க. ஆனா மதிப்பீட்டை நீட்டலை. அதாவது பணம் தரலாம், கேள்வி கேட்க விட மாட்டோம். 2006 சுற்றுச்சூழல் தாக்க அறிவிக்கையின் பட்டியலிலும் ரயில் பாதை இல்லை. ஒரு சுரங்கத்துக்குக் கேட்கிற கேள்வியை ரயிலுக்குக் கேட்கச் சட்டம் இல்லை.

பிறகு எதை வைத்துத்தான் மதிப்பீடு நடக்குது? கடன் கொடுத்தவன் நிபந்தனையை வைத்து. சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர், 63,246 கோடி ரூபாய். 2024 அக்டோபரில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. ஜப்பானின் ஜைக்கா, ஆசிய வளர்ச்சி வங்கி எல்லாம் கடன் தருகின்றன. அவங்க விதிப்படி பட்டா இல்லாதவங்களையும் கணக்கெடுக்கணும், கட்டடத்துக்கு ஈடு தரணும். நம்ம குடியரசு நமக்குத் தராத கவனத்தை வட்டிக்காரன் தர்றான். வங்கியில் வேலை பார்க்கிறவன் சொல்றேன், கடன்காரன் கருணையை நம்பி யாரும் உரிமையைக் கட்டக் கூடாது. ஆசிய வளர்ச்சி வங்கியின் 2009 கொள்கையில் பூர்வகுடிகளுக்குத் தனிப் பிரிவு உண்டு. சாதிக்குத் தனிப் பிரிவு இல்லை. கிழவி, விதவை, ஊனமுற்றவர், ஏழை எல்லாரோடும் சேர்த்து 'நலிவுற்றோர்' என்ற ஒரே மூட்டையில்தான் நாம கிடக்கணும். நலிவு இயற்கையா வந்தது மாதிரி. நலிய வைத்தவன் யாருன்னு அந்தக் கட்டத்தில் எழுத இடமில்லை.

அப்புறம் உழைப்பு. ரயிலுக்கும் நமக்கும் நூற்றைம்பது வருஷ உறவு உண்டு, துடைப்பத்தோடு. தண்டவாளத்தில் விழுந்த மலத்தை அள்ளினது எந்தக் கை? 2013-இல் மலம் அள்ளுவதைத் தடுக்கும் சட்டம் வந்தபோது ரயில் பாதையையும் அதில் சேர்த்தாங்க. கூடவே ஒரு விளக்கம்: அரசு குறிப்பிடும் கருவியும் பாதுகாப்பு உடையும் கொடுத்துட்டா அவர் மலம் அள்ளுபவர் ஆக மாட்டார். கையுறை மாட்டினதும் சாதி கழன்றுடுமாம். 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ரயில்வேயைக் காலக்கெடு வைத்து இதை ஒழிக்கச் சொன்னது. பெட்டிகளுக்கு உயிரிக் கழிப்பறை வந்தது. நல்லது, வரவேற்கிறேன். ஆனா மெட்ரோ நிலையங்களின் பளபளக்கிற தரையைத் துடைக்கிறவங்க ஒப்பந்தத் தொழிலாளர்கள். ஒப்பந்தத்தில் இட ஒதுக்கீடு கிடையாது. பணி நிரந்தரம் இருந்த காலத்தில் துடைப்பம் நம்ம கையில். ஒப்பந்தம் வந்த பிறகும் துடைப்பம் நம்ம கையில். நிரந்தரம் மட்டும் போயிடுச்சு.

பயணம். இரண்டாம் கட்டத்தின் மாதவரம் - சிப்காட் தடம் பழைய மகாபலிபுரம் சாலை வழியா, துரைப்பாக்கம் வழியா வருது. கண்ணகி நகர் பக்கத்தில்தான். இருபது வருஷம் முன்னாடி ஜனங்களைக் கொண்டுவந்து கொட்டினப்போ பஸ்ஸே சரியா கிடையாது. இப்போ ரயில் வருது. யாருக்கு? மெட்ரோ கட்டணம் 10-இலிருந்து 50 ரூபாய் வரை. அந்த அக்காவுக்குப் போக 40, வர 40 என்று வைங்க. மாசம் 26 நாளைக்கு 2,080 ரூபாய். நாலு வீட்டில் ஒரு வீட்டுச் சம்பளம் ரயிலுக்கே போயிடும். 2021-லிருந்து சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அக்கா அதில்தான் போவாங்க, விடியக்காலை எழுந்து. தலைக்கு மேல மெட்ரோ போகும். ஸ்டேஷன் வந்ததும் சுத்துவட்டார வாடகை ஏறும். அப்போ அந்த இடமும் 'ஆட்சேபணைக்குரியது' ஆயிடுமோன்னு பயம் வருது எனக்கு.

ரயிலே வேண்டாம்னு நான் சொல்றதா யாரும் எழுதிடாதீங்க. வட ஆற்காட்டிலிருந்து கோலார் தங்க வயலுக்குப் போன நம்ம ஆளுங்க ஊர்த் தெருவை விட்டுத் தப்பினது ரயிலில்தான். அங்கே போய்ச் சங்கம் வைத்தாங்க, பள்ளிக்கூடம் வைத்தாங்க, பௌத்தம் பேசினாங்க. பண்ணையார் காலில் விழாம ஒரு டிக்கெட்டில் ஊரைத் தாண்ட முடிந்தது பெரிய விஷயம். அதனாலதான் கேட்கிறேன். ரயில் நமக்கும் சொந்தம். கால்வாய் வெட்டினவன் கேட்கிறான், தண்டவாளம் துடைத்தவன் கேட்கிறான்.

நாம வைக்க வேண்டிய கோரிக்கைகளைச் சுருக்கமாச் சொல்லி முடிக்கிறேன். ஒண்ணு, நான்காம் அட்டவணையிலிருந்து ரயில்வே, மெட்ரோ சட்டங்களை எடுக்கணும். தாக்க மதிப்பீடு இல்லாம ஒரு தூண்கூட நடக்கூடாது. ரெண்டு, அந்தக் கணக்கெடுப்பில் சாதிக்குக் கட்டம் வேணும். யார் வீடு இடிஞ்சதுன்னு சாதியோடு எண்ணாத மதிப்பீடு, மதிப்பீடு இல்லை. மூணு, மாற்று வீடு அதே வட்டாரத்தில், இடிக்கும் முன்னாடி, பட்டாவோடு. நிலையங்களை ஒட்டி வணிக வளாகம் கட்ட இடம் இருக்குன்னா, அந்தத் தடத்துக்காக வீடு இழந்தவங்களுக்கும் அங்கே இடம் இருக்கு. நாலு, ஒப்பந்த வேலையிலும் இட ஒதுக்கீடு, துடைப்பத்தில் மட்டும் இல்லை, கட்டுப்பாட்டு அறையிலும். அஞ்சு, அறிக்கையைத் தமிழில் எழுதி, இடிக்கப்படப் போகிற தெருவிலேயே சத்தமா வாசிக்கணும். கேள்வி கேட்க நாள் தரணும்.

இதெல்லாம் அரசு செய்யும் வரை காத்திருக்க வேண்டாம். மாணவர்களே, ஒரு நோட்டு எடுத்துக்கங்க. உங்க ஊரில் போகிற ரயில் பாதையில் ஒரு நிலையத்தை எடுத்துக்கங்க. முன்னாடி அங்கே யார் இருந்தாங்க, எங்கே போனாங்க, இப்போ வேலைக்கு எத்தனை மணிக்குக் கிளம்புறாங்க, பள்ளியை விட்ட பிள்ளைங்க எத்தனை பேர் என்று வீடு வீடாப் போய் எழுதுங்க. அந்த நோட்டுதான் நம்ம மதிப்பீட்டு அறிக்கை. தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு, அவங்க அறிக்கையை வாங்கிப் பக்கத்தில் வைத்துப் பாருங்க.

அந்த அக்கா மறுபடி எங்க கிளைக்கு வந்தாங்க. இந்த முறை நான் எழுந்துபோய்ப் பேசினேன். கல்விக் கடனுக்கு ஒரு வரம்பு வரைக்கும் சொத்துப் பத்திரம் கேட்கக் கூடாதுன்னு விதி இருக்கு. அந்த விதியை எடுத்து மேஜையில் வைத்தேன். கடன் கிடைத்தது. இது பெரிய புரட்சி இல்லை. விதி முதல் நாளும் அங்கேதான் இருந்தது. நான் எழுந்திருக்கலை, அவ்வளவுதான்.